மாமா பொறுக்கிய வெள்ளை வால்வுகள்

நம் வயசுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு முதலில் சர்க்கரைக்குப் போகும், அப்புறம் முழங்காலுக்குப் போகும், கடைசியில் சின்ன வயசில் வாங்கிய அடியில் வந்து நிற்கும். அவரவர் அடியைச் சிரித்துக்கொண்டே சொல்வீர்கள். அந்த அடிதான் என்னை ஆளாக்கியது என்று முடிப்பீர்கள். நானும் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்து பொருமுவேன். நான் வாங்கிய அடி என்னை ஆளாக்கவில்லை. என்னைப் பார்த்தாலே உங்களுக்குத் தெரியும். அது வேறொருவருக்குப் போய்ச் சேர வேண்டிய அடி. விலாசம் மாறி என் முதுகில் இறங்கிவிட்டது. திருப்பி அனுப்ப வழி தெரியாமல் இத்தனை வருஷமாக வைத்துக்கொண்டிருக்கிறேன்.

என் மேல் சொல்லப்பட்ட குற்றம், சித்தப்பாவின் கிதார் பெட்டிக்கு வாங்கிய வால்வுகளை நான் கெடுத்தேன் என்பது. நான் கெடுக்கவில்லை. இதை எழுத்தில் யாரும் பதிந்து வைக்காததால் நானே பதிகிறேன்.

வால்வு என்றால் இப்போது நமக்கெல்லாம் நெஞ்சுக்குள் இருப்பதுதான் ஞாபகம் வரும். நான் சொல்வது கண்ணாடி வால்வு. கட்டைவிரலை விடப் பெரிசாக, கீழே பின் வைத்து, உள்ளே கம்பியும் தகடுமாக இருக்கும். நம் வீட்டு ரேடியோக்களின் முதுகுப் பலகையைக் கழற்றினால் தெரியுமே, அது.

எங்கள் வீடு சேலம் டவுனில் கோயிலுக்குப் பின்தெரு. நாங்கள் கோயில் என்று சொன்னால் அது மாதா கோயில். அப்பா ஒரு ஜவ்வரிசி ஆலையில் கணக்கு எழுதினார். சட்டையை உதறினால் மாவு கொட்டும். அவர் தம்பி, என் சித்தப்பா, படிப்பை முடித்துவிட்டு வேலை தேடுவதாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு வீட்டில் கிதார் வாசித்துக்கொண்டிருந்தார். ஜங்ஷன் பக்கம் ரயில்வே காலனியில் இருந்த ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குப் போகும்போது அந்தக் கிதாரையும் அதன் பெட்டியையும் அவரிடம் விட்டுப் போயிருந்தது. பெட்டி என்றால் ஆம்பிளிஃபையர். வெளியே பழுப்பு ரெக்சின், முன்னால் கோணித்துணி மாதிரி ஒரு துணி, பின்பக்கம் திறந்தபடி. அந்தக் கிதாருக்கு வயிறு கிடையாது. கெட்டிப் பலகை. பெட்டி இல்லாமல் வாசித்தால் கொசு பாடுகிற சத்தம்தான் வரும். பெட்டியில் செருகினால் தெருவே திரும்பிப் பார்க்கும்.

சுவிட்சைப் போட்டதும் சத்தம் வராது. சோறு கொதிக்கிற மாதிரி காத்திருக்க வேண்டும். முதலில் தூசி கருகுகிற வாசனை, அப்புறம் சூடான வார்னிஷ் வாசனை, அப்புறம் வால்வுகளுக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஒரு துளி வெளிச்சம். அப்புறம்தான் 'உம்ம்' என்று பெட்டி மூச்சு விடும். எங்கள் வீட்டுப் பூனை அந்தச் சூட்டுக்காகப் பெட்டியின் முதுகுக்குப் பின்னாலேயே குடியிருந்தது. நானும் அங்கேதான் இருப்பேன். என் காரணம் வேறு. பெட்டியில் பெரிய வால்வு ரெண்டு உண்டு. ஒவ்வொன்றின் உச்சியிலும் கண்ணாடிக்கு உள்பக்கம் ரசம் பூசினது போல வெள்ளிப் பூச்சு. விளிம்பில் கொஞ்சம் பழுப்பேறி இருக்கும். அதில் முகம் பார்த்தால் மூக்கு மாங்காய் மாதிரி பிதுங்கும், காது ரெண்டும் பின்னால் ஓடும். பெட்டி அணைந்திருக்கும் நேரமெல்லாம் தலைமை ஆசிரியர் மாதிரி, அத்தை மாதிரி, மாமா மாதிரி அதில் முகம் காட்டிக்கொண்டிருப்பேன். என் முகத்துக்கு அப்படி ஒரு தேவை இல்லைதான். ஆனாலும் செய்தேன். நாலாம் வகுப்பில் படிக்கிறவனுக்கு வேறென்ன வேலை.

அந்த வருஷம் பங்குத் திருவிழாவில் தேர் சுற்றி வந்ததும் கோயில் மேடையில் சித்தப்பா வாசிப்பது என்று ஏற்பாடு. அது சும்மா வாசிப்பில்லை. பூசையில் கிதார் வைத்துப் பாடலாம் என்று அப்போதுதான் அங்கங்கே பேச்சு கிளம்பியிருந்தது. பங்குச் சாமியாருக்கு அதில் ஆசை. ஆர்மோனியம் வாசிக்கும் உபதேசியாருக்கு அதில் ஆத்திரம். திருவிழாவில் சனங்களுக்குப் பிடித்துப்போனால் பாடகர் குழுவையும், பள்ளிக்கூடத்தில் பாட்டு வகுப்பையும் சித்தப்பாவிடம் கொடுப்பதாகச் சாமியார் வாக்குக் கொடுத்திருந்தார். அப்பாவும் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். அன்றைக்குக் காரியம் நடக்கவில்லை என்றால் சித்தப்பா பெட்டியை மூட்டை கட்டிவிட்டு நாமக்கல் போய், தெரிந்தவருடைய லாரி புக்கிங் ஆபீசில் உட்கார வேண்டியது. சித்தப்பா ரெண்டுக்கும் சரி என்றார். அவர் எதற்கும் சரி என்பவர்.

திருவிழாக் கொடி ஏறின வாரத்தில் பெட்டி கம்மிப்போனது. தொண்டை கட்டினவர் பாடுகிற மாதிரி கரகரவென்று ஒரு சத்தம். நான் வழக்கம்போல முதுகுப்பக்கம் போய் முகம் காட்டினேன். ஒரு வால்வில் என் முகம் இருந்தது. இன்னொன்றில் இல்லை. வெள்ளிப் பூச்சு இருந்த இடம் தயிர் ஊற்றி வைத்தது மாதிரி வெளுத்துக் கிடந்தது. சித்தப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, இதுதான் செத்துப்போச்சு போல என்றார். இந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொன்னார், நான் கேட்டேன், பூனையும் இருந்தது.

சேலத்துக் கடைகளில் விசாரித்தால் அந்த நம்பர் மெட்ராசிலிருந்து வர வேண்டும், மாசக் கணக்கில் ஆகும் என்றார்கள். வாழப்பாடியில் ஒருவர் டூரிங் டாக்கீஸ்களுக்கு மிஷின் ரிப்பேர் பார்க்கிறார், அவரிடம் பழைய வால்வுகள் இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். திருவிழாவுக்கு முந்தின நாள் காலை பஸ்ஸில் சித்தப்பா கிளம்பினார். உள்ளங்கையில் வால்வு நம்பரை மசியில் எழுதிக்கொண்டார். ஒப்பிட்டுப் பார்க்க நல்லாயிருந்த அந்த இன்னொரு வால்வையும் கழற்றி எடுத்துக்கொண்டார். பத்திரமாகப் பிடித்துக்கொள்ள நான்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டில் அம்மாவின் அண்ணன் கண் படாமல் ஒரு பொருளும் உள்ளே வந்ததில்லை. மாமாவுக்குச் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை. பூர்வீகம் திருச்செங்கோட்டுப் பக்கம். பால் மாடு, பித்தளைக் குடம், அப்பாவின் சைக்கிள், கடைசி அத்தைக்கு மாப்பிள்ளை, எல்லாம் அவர் பொறுக்கியதுதான். வெள்ளியைக் கையில் வாங்கி வாயால் ஒரு ஊது ஊதித் துண்டால் துடைத்துப் பார்த்தால் எத்தனை பங்கு செம்பு என்று சொல்லிவிடுவார் என்பது ஊர்ப்பேச்சு. தப்பாகவும் சொன்னதில்லையாம். அந்த மனுஷர் வெள்ளியோடு நின்றிருந்தால் ஒரு குறையும் இல்லை. வால்வு வாங்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் பட்டறையை மூடிவிட்டு பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றுவிட்டார்.

வாழப்பாடியில் அந்த ரிப்பேர்க்காரர் இல்லை. ஆத்தூர்ப் பக்கம் ஒரு டாக்கீஸில் மிஷின் நின்றுபோய் அங்கே போயிருந்தார். அவர் மனைவி, கையில் அரைத்த பருப்பு மாவோடு வந்து, ஒரு மரப்பெட்டியை ணங்கென்று எங்கள் முன்னால் வைத்தார். உள்ளே வைக்கோல், வைக்கோலுக்குள் வால்வுகள்.

"நல்லது கெட்டது எல்லாம் ஒண்ணாத்தாங்க கெடக்கு. ஓட்டிப் பாக்கற மீட்டரும் அவருகூடவே போயிருச்சு. எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நீங்களே பாத்து எடுத்துக்குங்க."

நேர்மையான பெண்மணி. அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

சித்தப்பா உள்ளங்கையைப் பார்த்துப் பார்த்து அந்த நம்பரில் ஒரு நாலைந்தை வெளியே எடுத்து வைத்தார். பாதிக்கு உச்சியில் வெள்ளி மின்னியது, ஓரம் பழுப்பாக, எங்கள் வீட்டில் நல்லாயிருந்ததைப் போலவே. மீதி வெள்ளைவெளேர் என்றிருந்தன. நான் குனிந்து ஒவ்வொன்றிலும் முகம் காட்டிப் பார்த்தேன். எதில் என் மூஞ்சி தெரிகிறது, எதில் தெரியவில்லை என்று பிரித்தும் வைத்துவிட்டேன். காரியம் அத்தோடு முடிந்திருக்கும். மாமா வராமலிருந்தால்.

மாமா துண்டை விரித்து அதன் மேல் சம்மணம் போட்டார். ஒவ்வொன்றாக எடுத்து வாயால் ஊதினார். துண்டால் தேய்த்தார். வெயிலில் தூக்கிப் பிடித்தார். காதோரம் வைத்துச் சுண்டினார். மின்னுகிறதையெல்லாம் ஒதுக்கி வைத்தார்.

"ஓரத்துல பாருங்க, கறுத்திருக்குது. வெள்ளி கறுத்தா செம்பு கலந்திருக்குதுன்னு அர்த்தம். இது புகைஞ்சு முடிஞ்ச சரக்கு," என்றார். அப்புறம் வெள்ளையாயிருந்த ரெண்டை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். "இது பாருங்க, பால் மாதிரி. சுத்தம். என்ற பட்டறையில உருக்கி ஊத்துனாக்கூட இந்த வெளுப்பு வராது."

நான் சொன்னேன். சத்தமாகச் சொன்னேன். அங்கே இருந்த மூணு பெரியவர்களுக்கும் கேட்டது.

"மாமா, நம்மூட்ல செத்துப்போன வால்வும் இப்படித்தான் வெள்ளையா இருந்துச்சு. வெள்ளையில மொகம் தெரியாது."

மாமா என் பக்கம் திரும்பி விரல் மடக்கி உச்சந்தலையில் ஒரு குட்டு வைத்தார். "இவன் மூஞ்சியப் பாக்கறதுக்கா நாம வாழப்பாடிக்கு வந்தோம்?" என்று சித்தப்பாவிடம் கேட்டார்.

சித்தப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. என்னைப் பார்த்தார், மாமா கையிலிருந்த வால்வைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "சரிங்க மச்சான்," என்றார்.

இதோடு நிற்கவில்லை. வால்வு மாற்றினால் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், வண்டியில் ஒரு பக்கம் கிழட்டு மாடும் ஒரு பக்கம் காளையும் பூட்டுவார்களா என்று மாமா கேட்டார். ஜோடியாக மாற்றுவது முறைதான். அதைப் பிற்பாடு நானே படித்தேன். வாழ்க்கையில் அவர் வால்வைப் பற்றிச் சரியாகச் சொன்ன ஒரே விஷயம் அது, அதையும் இப்படியா பயன்படுத்துவது? நல்லாயிருந்த எங்கள் பழைய வால்வை என் கையிலிருந்து வாங்கி, ஓரம் கறுத்த கலப்படம் என்று சொல்லி, புதுசுக்கு ஈடாக அந்த அம்மாளின் மரப்பெட்டியில் போட்டுவிட்டார். போட்ட சத்தம் இன்னும் கேட்கிறது. வைக்கோல் மேல் விழுந்ததால் சத்தமே வரவில்லை என்பது வேறு விஷயம்.

அந்த அம்மாள் ரெண்டு வெள்ளை வால்வையும் ஒரு பிஸ்கட் டின்னில் வைத்து, ஆடாமல் இருக்கப் பொரியைக் கொட்டி நிரப்பிக் கொடுத்தார். டின் என் மடியில். அயோத்தியாப்பட்டணம் தாண்டுவதற்குள் நான் அந்தப் பொரியில் கொஞ்சம் தின்றேன். சரி, பாதி தின்றேன். வெறும் பொரிதான், ஆனால் பஸ் ஜன்னல் காற்றில் வெறும் பொரிக்கு ஒரு ருசி உண்டு. வால்வு இருந்த அடிப்பக்கம் கை வைக்கவில்லை. மேலாகத்தான் தின்றேன். டின்னை ஒரு தரம்கூடக் கீழே போடவில்லை. மாமா பக்கத்து சீட்டில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மாட்டிப் பார்த்திருந்தால் எல்லாம் அப்போதே தெரிந்திருக்கும். சித்தப்பா மாட்டத்தான் போனார். அம்மா விடவில்லை. எங்கள் பங்கில் புதுசாக எது வாங்கினாலும் சாமியார் மந்திரித்துத் தீர்த்தம் தெளித்த பிறகுதான் புழங்குவது. தையல் மிஷின், மாட்டுவண்டி, ஏர்க்கலப்பை, எல்லாவற்றையும் திருவிழாக் காலையில் கோயில் வாசலில் வரிசையாக நிறுத்துவார்கள். முன்னே இருந்த வால்வு மந்திரிக்காமல் போட்டதால்தான் செத்தது என்று அம்மா உறுதியாக நம்பினாள். மாமாவும், தங்கச்சி சொல்றது நியாயம்தானே என்றார். ஆகவே மறுநாள் காலை ரெண்டு மாட்டுவண்டிக்கும் ஒரு பம்ப்செட்டுக்கும் நடுவே என் மடியில் பிஸ்கட் டின்னோடு நான் உட்கார்ந்திருந்தேன். சாமியார் சிரித்துக்கொண்டே வால்வுகளுக்கும் தெளித்தார், எனக்கும் தெளித்தார். வால்வுகள் மோட்சத்துக்குப் போய் எவ்வளவு நாளாயிற்று என்று அவருக்கு எப்படித் தெரியும்?

சாயங்காலம் தேர் நிலைக்கு வந்தது. மேடையில் டியூப் லைட். சனம் மணலில் உட்கார்ந்து வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தது. முன்வரிசையில் சாமியார், அப்பா, மாமா. மாமா தோளில் புதுத் துண்டு. சித்தப்பா வெள்ளைப் பேன்ட் போட்டுக்கொண்டு கிதாரைத் தோளில் மாட்டி நின்றார். மேடையேறும்போது அவ்வளவு அழகாக ஒரு மனிதரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. வால்வுகளை மாட்டி சுவிட்சைப் போட்டார். எல்லாரும் காத்திருந்தோம்.

நான் பெட்டியின் பின்னால் இருந்தேன். சின்ன வால்வுகள் ஆரஞ்சாக ஏறின. பெரியவை ரெண்டில் ஒன்று கீழ்ப்பக்கம் ஊதாவாக ஒரு கண் சிமிட்டியது. அவ்வளவுதான். இன்னொன்று அந்த மரியாதைகூடக் காட்டவில்லை. தீய்ந்த வாடை வந்தது. 'உம்ம்' வரவில்லை. சித்தப்பா தந்தியைத் தட்டினார். கொசு பாடியது. திருகுகளை எல்லாம் திருகிவிட்டு மறுபடி தட்டினார். அதே கொசு.

மணலில் யாரோ, மேடையில தேங்கா துருவறாங்களா என்றார். சிரிப்பு கிளம்பி பின்வரிசை வரை போய்த் திரும்பி வந்தது. சித்தப்பா நிறுத்தவில்லை. அந்தக் கொசுச் சத்தத்திலேயே முழுப் பாட்டையும் வாசித்தார். ஒருவருக்கும் கேட்கவில்லை. பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது. ஒரு தப்பு இல்லை. முடித்துவிட்டுக் கும்பிட்டார். அதற்குள் உபதேசியார் ஆர்மோனியத்தை மேடைக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். அதை அவர் எங்கேயோ பக்கத்திலேயே தயாராக வைத்திருந்தார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

விசாரணை மேடைக்குப் பின்னால் நடந்தது. சித்தப்பா வால்வுகளைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். எல்லாரும் அவரைச் சுற்றி நின்றார்கள். யாரும் மாமாவைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று ஒவ்வொருவரும் எவ்வளவு முயற்சி எடுத்தார்கள் என்பது சின்னப் பையனான எனக்கே தெரிந்தது. மாமா பிஸ்கட் டின்னை எடுத்தார். மூடியைத் திறந்தார். எல்லாருக்கும் காட்டினார்.

"டின்னு நெறையப் பொரி இருந்துச்சு. இப்பப் பாருங்க. பொரியத் தின்னுபோட்டு வால்வ உருட்டிக்கிட்டு வந்திருக்கறான். வாங்கையில எப்படி இருந்த சரக்கு!"

அம்மாவின் கை அதற்கு முன்பே கிளம்பிவிட்டது. அப்பா கை அதற்குப் பின்னால். நான் அழுதுகொண்டே வெள்ளை, மொகம் தெரியாது, செத்த வால்வு என்று என்னால் முடிந்தவரை வாதாடினேன். ரெண்டு பொரி இன்னும் என் சட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அது என் கேசுக்கு உதவவில்லை. சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் ஒரு சொல் சொன்னால் போதும். அவர் வால்வைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "விடுங்கண்ணி, அழுவறான்," என்றார். அதுவா நான் கேட்டது?

அதற்கப்புறம் நடந்ததைச் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். வருகிற சனிக்கிழமை சாமியாரிடம் போய், செய்த பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணிவிட்டு வந்தால்தான் வீட்டில் சோறு என்றாள் அம்மா. போனேன். பசி. பாவசங்கீர்த்தனக் கூண்டில் முழங்கால் போட்டால் என் தலை ஜன்னலுக்கு எட்டாது. எக்கி நின்றேன். மெழுகுவர்த்தி வாசனையும் சாமியாரின் மூக்குப்பொடி வாசனையும் வந்தது. மந்திரத்தைச் சொல்லி ஆரம்பித்து, பொரி தின்றதைச் சொன்னேன். வேற, என்றார் சாமியார்.

"வேற ஒண்ணுமில்லைங்க, சாமி. வால்வக் கெடுத்தேன்னு சொல்லச் சொன்னாங்க. நான் கெடுக்கல."

"கெடுக்காதத எதுக்குச் சொல்ல வந்த?"

"சொல்லாட்டிச் சோறு இல்லைங்க."

கூண்டுக்குள் இருமல் மாதிரி ஒரு சத்தம். அது இருமல் இல்லை என்பது இப்போது தெரிகிறது. செய்யாத பாவத்தை மன்னிக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்றார். அப்படியானால் மாமா செய்த பாவத்தை அவருக்குப் பதிலாக நான் சொல்லிவிட்டுப் போகலாமா என்று கேட்டேன். அதுவும் செல்லாது, அவரே வர வேண்டும் என்றார். நான் விடவில்லை. வெள்ளிப் பூச்சு, என் மூஞ்சி, மாமா ஊதியது, துடைத்தது, நல்ல வால்வை மரப்பெட்டியில் போட்டது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். என் வாழ்க்கையில் அந்த விஷயத்தை முழுசாகக் கேட்ட முதல் மனிதர். எனக்கு அழுகை வந்துவிட்டது. எங்கம்மாவிடம் நீங்கள் இதைச் சொல்லிவிடுங்கள் என்றேன்.

 "இங்க கேட்டத வெளிய சொல்ல எனக்கு அனுமதி இல்ல, சாமி. செத்தாலும் சொல்லக் கூடாது. பொரிக்காக ஒரு அருள் நிறை மந்திரம் சொல்லிட்டுப் போ," என்றார்.

நீங்களே சொல்லுங்கள். உலகத்தில் என்னை நம்பிய ஒரே பெரிய மனிதர் வாயைத் திறக்கவே கூடாதவர். அதற்கப்புறம் என்னைத் தெருவில் பார்க்கும்போதெல்லாம் தலையில் கை வைத்து, சட்டைப்பையிலிருந்து ஒரு ஆரஞ்சு மிட்டாய் எடுத்துக் கொடுப்பார். அந்த மிட்டாய் எதற்கென்று எங்கள் ரெண்டு பேருக்கும் தெரியும். மிட்டாயை வைத்துக்கொண்டு நான் எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

சாமியார் அடுத்த திருவிழாவில் பார்த்துக்கொள்ளலாம் என்று அப்பாவிடம் சொல்லிப் பார்த்தார். அப்பா, வாக்கு வாக்குதான் என்றுவிட்டார். சித்தப்பா ஒரு டிரங்குப் பெட்டியோடு நாமக்கல் பஸ் ஏறினார். கிதார் பீரோ மேல் துணி சுற்றிப் படுத்தது. கிளம்பும்போது என் தலையைத் தடவி, வாரேன் சாமி, என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கிதார் பெட்டியின் மேல் அம்மா ஒரு லேஸ் துணி விரித்து இருதய ஆண்டவர் படத்தை வைத்தாள். பூனை ரெண்டு நாள் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு, சூடு இல்லை என்று தெரிந்ததும் பக்கத்து வீட்டு அடுப்படிக்குக் குடிபோய்விட்டது.

நான் பெரியவனானதும் செய்த முதல் காரியம் ரேடியோ மெக்கானிசம் மாலை வகுப்பில் சேர்ந்தது. தொழிலுக்காக அல்ல, பழி தீர்க்க. வால்வுக்குள் காற்றே இருக்கக் கூடாது, கண்ணாடியில் மயிரிழை விரிசல் விட்டுக் காற்று உள்ளே புகுந்தால் அந்த வெள்ளிப் பூச்சு வெளுத்துவிடும், வெளுத்ததை மாட்டிப் பார்க்கவே வேண்டாம், குப்பையில் போடலாம் என்று முதல் வாரமே வாத்தியார் சொன்னார். நான் எழுந்து நின்று, "அதைத்தாங்க நான் அப்பவே சொன்னேன்," என்றேன். வகுப்பே சிரித்தது. அந்த வகுப்பை முடிப்பதற்குள் எங்கு பார்த்தாலும் டிரான்சிஸ்டர் வந்து, நான் படித்த வால்வுப் படிப்பு யாருக்கும் வேண்டாததாகிவிட்டது. ஊர் பூராவும் பிழைப்புக்குப் படித்தபோது நான் கோபத்துக்குப் படித்தேன். கிடைத்தது கோபம்தான்.

படிப்போடு நேரே மாமா வீட்டுக்குப் போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, உறவெல்லாம் சாப்பிட உட்கார்ந்திருந்தது. படம் போட்டு விளக்கினேன். மாமா சாவகாசமாகக் கேட்டார். "அப்படீங்களா," என்றார். இலையில் ரசத்தை வழித்துக்கொண்டே, "செரி, அது கெடக்கட்டும். நீ பொரி தின்னியா, தின்னலியா?" என்றார். சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் புரையேறச் சிரித்தார்கள். மாமா காலமான பிறகு, இப்போதும்கூட எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் புது மருமகள்களுக்கு என்னை, வால்வ ஒடச்சவரு, என்றுதான் அறிமுகம் செய்கிறார்கள்.

போன தை மாசம் நாமக்கல் போயிருந்தேன். சித்தப்பாவுக்கு இப்போது நடை தளர்ந்துவிட்டது. லாரி ஆபீசிலேயே வேலை பார்த்து, அங்கேயே ஓய்வும் பெற்றவர். பேரப்பிள்ளைகள் ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்திருந்தார்கள். அந்த வீட்டில் கிதார் இல்லை. நான் சுற்றி வளைக்கவில்லை. அன்றைக்கு வாழப்பாடியில் உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா என்று கேட்டேன்.

"நீ சொன்னதுமே தெரிஞ்சுபோச்சு," என்றார். "நம்மூட்டுல ஒண்ணு வெளுத்துச் செத்தத நாந்தானே பார்த்தேன்."

பின்னே ஏன் வாயைத் திறக்கவில்லை?

மாமா கோபித்துக்கொண்டு துண்டை உதறி எழுந்து போயிருப்பார், அத்தோடு அம்மாவுக்குப் பிறந்த வீடு இல்லாமல் போயிருக்கும் என்றார். அண்ணி போட்ட சோற்றைத் தின்றுகொண்டு அந்த உறவை அறுப்பதா என்றார். ஒருவேளை எரிந்தாலும் எரியும் என்று ஒரு நப்பாசையும் இருந்ததாம். அதற்காக உங்கள் வாழ்க்கையையே மரப்பெட்டியில் போட்டுவிட்டு வந்தீர்களா என்று கத்தினேன். பேரப்பிள்ளைகள் போனிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்கள். சரி, அதுதான் போகட்டும், என்னை அடித்தார்களே, அப்போதாவது சொல்லியிருக்கலாமே?

"உன்ன அடிச்சதுல எல்லாருக்கும் ஆத்திரம் ஆறிப்போச்சு, சாமி. சின்னப் பையன், ரெண்டு நாள்ல மறந்துபோடுவான்னு நெனச்சேன்."

 அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். விரல் நுனிகளில் தந்தித் தழும்பு எதுவும் மிச்சமில்லை.

"இன்னுமா கோவம்?" என்றார்.

ஆமாங்க, என்றேன்.

"இருக்கட்டும். நான் அன்னைக்கே பட்டிருக்க வேண்டிய கோவம் அது. எனக்குப் படத் தெரியல. நீயாச்சும் பட்டுக்கிட்டு இரு, சாமி."

பட்டுக்கொண்டிருக்கிறேன்.